கிணற்று ராட்டினத்தில் வாளியின் எடை குறைகிறதா?

"ராட்டினம் எளிய இயந்திரம் என்கிறார்கள். ஆனால் 10 கிலோ வாளிக்கு 10 கிலோ பலம் கொடுத்தே இழுக்க வேண்டியிருக்கிறதே, அப்புறம் என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி.

ஒற்றை ராட்டினத்தில் எடை குறையாது. உராய்வால் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்க வேண்டும். லாபம் திசையில்தான். குனிந்து மேலே தூக்குவதற்குப் பதில் நின்றபடி கீழே இழுக்கிறோம், நம் உடல் எடையும் கூட இழுக்கிறது. திருமங்கலத்தில் எங்கள் அப்பத்தா அறுபது வயதிலும் அப்படித்தான் தண்ணீர் இறைத்தார்.

உசிலம்பட்டிப் பக்கம் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கமலை இறைத்ததும் இதே சூட்சுமம். மாடுகள் சரிவில் இறங்கி நடக்கும், தண்ணீர் மொள்ளும் பெரிய பாத்திரமான சால் மேலே வரும். மாட்டின் எடையே பாதி வேலையைப் பார்த்துவிடும். எனக்கு இதைவிட அழகான பொறியியல் தெரியாது.

பலத்தையே குறைக்க வேண்டுமென்றால் கடப்பாரையைப் பாருங்கள். மேலூர் கல் குவாரியில் 150 செ.மீ. கடப்பாரையின் நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு சிறு கல்லை அண்டக் கொடுப்பார்கள். கைப்பக்கம் 140 செ.மீ. ஆகவே 10 கிலோ அழுத்தம் 140 கிலோவை நெம்பும். ஆனால் கல் 1 செ.மீ. எழும்ப, கை 14 செ.மீ. இறங்க வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்தாக வேண்டும். மொத்த வேலை குறையாது.