ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு என்றால் ஜாமீனே கிடைக்காதா? நீதிபதி எப்போது மறுக்கலாம்?

இந்தக் கேள்வியைப் பொழுதுபோக்காக எவரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றும், செய்தித்தாளில் அந்த வரியைப் படித்த உறவினர் ஒருவர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றும் எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மகிழ்ச்சி. நான் வழக்கறிஞர் அல்லன். 2019ஆம் ஆண்டில் என் தம்பிக்காக 39 நாட்கள் நீதிமன்ற வளாகத்துக்கும் கிளைச் சிறைக்கும் அலைந்தவன், அவ்வளவுதான்.

முதலில் அந்தச் சொற்றொடரே தவறு. ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் கேட்பவரின் உரிமை. காவல் நிலையத்திலேயே விட வேண்டும். மற்றவற்றில் அது நீதிமன்றத்தின் முடிவுக்கு உட்பட்டது என்பதுதான் பொருள். அதை 'வெளிவர முடியாத' என்று எழுதி எழுதியே நம் பத்திரிகைகள் எத்தனை தாய்மார்களை அழவைத்திருக்கின்றன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. என் அம்மா அந்தச் செய்தித் துண்டை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

மறுப்பதற்கு நீதிபதி பொதுவாகப் பார்ப்பவை மூன்று: வெளியே வந்தால் தலைமறைவாகிவிடுவாரா, சாட்சியங்களைக் கலைப்பாரா, சாட்சிகளை மிரட்டுவாரா. குற்றத்தின் கடுமையும் பழைய வழக்குகளும் இவற்றோடு சேரும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்தைச் செய்திருப்பார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், மாஜிஸ்திரேட் விடக்கூடாது என்கிறது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 437ஆக இருந்து, 1.7.2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 480ஆக மாறியுள்ள பிரிவு. பெண்கள், சிறுவர்கள், நோயுற்றவர்கள் ஆகியோருக்கு அதிலும் விலக்கு உண்டு, செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அந்தத் தடை இல்லை. உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம் ஆகியவை வேறு உலகம். பணமோசடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதி முதலிலேயே திருப்தியடைய வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பில் பாதியை எழுதச் சொல்வது போன்றது அது. ஆயினும் 17 மாதங்கள் சிறையில் இருந்த டெல்லியின் முன்னாள் துணை முதல்வர் மணீஷ் சிசோடியாவுக்கு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியபோது, விசாரணை விரைவில் முடியாத நிலையில் நெடுங்காலச் சிறையே ஒரு காரணம் ஆகும் என்று ஏற்றுக்கொண்டது.

இவை சட்டப் புத்தகத்தில் உள்ள மறுப்புகள். என் தம்பி அனுபவித்தது புத்தகத்தில் இல்லாத மறுப்பு.

அவன் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். சரக்கு குறைகிறது என்று முதலாளி புகார் கொடுத்தார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவின்படி கையாடல் வழக்கு, அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுகள். அந்த அளவு தண்டனைக்குரிய வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும் என 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது; தெரிந்தவர்கள் சொல்லவில்லை. 6ஆம் நாள் மாஜிஸ்திரேட் மனுவைத் தள்ளுபடி செய்தார், புலன்விசாரணை தொடக்க நிலையில் இருக்கிறது என்ற ஒரே வரியில். 23ஆம் நாள் செஷன்ஸ் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. அன்று மாலையே வந்துவிடுவான் என்று அம்மா அவனுக்கும் சேர்த்துச் சோறு வடித்தார். அவன் வந்து சேர்ந்தது 39ஆம் நாள்.

இடைப்பட்ட 16 நாட்களும் ஜாமீன்தாரர்களைத் தேடியதில் கழிந்தன. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவர் ரத்த உறவினர் என்பது உத்தரவு. ரத்த உறவினராக நான் இருந்தேன். ஆனால் என் பெயரில் ஓர் அடி நிலம்கூட இல்லை, ஆகவே மற்றவராவது சொத்து உள்ளவராக இருக்க வேண்டும் என்றார்கள். சொந்த வீடு உள்ள பெரியம்மாவை அதிகாலைப் பேருந்தில் அழைத்து வந்தேன். வீடு பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது, உள்ளூர் ஆள் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். நண்பனின் தந்தை முன்வந்தார். வீட்டு வரி ரசீதில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் வேறொன்று, இருவரும் ஒருவரே என்று சான்று கொண்டுவரச் சொன்னார்கள். வளாகத்துக்கு வெளியே ஒருவர் வந்து, தொகை கொடுத்தால் கையெழுத்துப் போட ஆள் தயார் என்றார். நான் மறுத்தேன். நேர்மையால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், கையில் பணமும் இல்லை.

பிற்பாடுதான் 1978ஆம் ஆண்டின் மோதி ராம் வழக்கைப் பற்றிப் படித்தேன். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகும், மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்க மறுத்தாராம். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, வேறு ஜாமீன்தாரர் இல்லாமல் 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் கொத்தனாரை விடச் சொன்னார். படித்ததும் எனக்குப் பெரியம்மாவின் பேருந்துப் பயணம்தான் நினைவுக்கு வந்தது. 41 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பக்கத்து மாவட்டம்!

திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: 2022இல் என் தம்பி விடுதலையானான், முதலாளியின் இருப்புப் பதிவேடுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அவன் குற்றவாளியாகவே இருந்திருந்தாலும் என் வாதம் மாறாது. வெளியே விடக்கூடாது என்று நீதிபதி கருதினால் காரணத்தை எழுதி மறுக்கட்டும், மேல் நீதிமன்றத்துக்குப் போகிறோம். விடலாம் என்று முடிவு செய்துவிட்டு, வீட்டு வரி ரசீது இல்லாததால் உள்ளேயே இருக்கவைப்பதை எந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது?

அந்தக் கேள்விக்கு இப்போது ஓரளவு விடை இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களின்படி, ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ சிறைக்குப் போக வேண்டும். 7 நாட்களில் கைதி விடுவிக்கப்படவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் தாக்கலாகாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். பணமே தடை என்றால் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் திட்டத்தில் உதவி உண்டு. உங்களவருக்கு உத்தரவு வந்தும் ஆள் வரவில்லை என்றால், ஒரு மாதம் காத்திருக்காமல், சொந்தப் பிணையில் விடக் கோரி நிபந்தனைத் தளர்வு மனுவை உடனே போடச் சொல்லுங்கள். உத்தரவே வரவில்லை என்றால் கைதான தேதியைக் குறித்து வையுங்கள்: குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும், ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் நாம் கேட்க வேண்டும்.

எங்களுக்குக் கடைசியில் கையெழுத்துப் போட்டவர், இருபது ஆண்டுகளாக எங்கள் தெருவில் பால் ஊற்றிய மனிதர். இரண்டு நாள் காலைக் கறவையை மகனிடம் விட்டுவிட்டு வந்து நின்றார். வழக்கு முடியும் வரை மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு மாதமும் பாலை அளந்து ஊற்றிக்கொண்டே, "தம்பி வாய்தாவுக்குப் போனானா அம்மா?" என்று மட்டும் கேட்பார்.