வலுவான ஏலுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 11 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பார்லி ஒயின் வகை ஏல் (பீரில் ஒரு வகை) ஒன்றை நானும் என் நண்பரும் ஒரே புட்டியிலிருந்து பகிர்ந்து சுவைத்தோம். அவர் பத்துக்கு ஒன்பது கொடுத்தார். எனக்கோ ஐந்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. யாருடைய மதிப்பெண் சரி?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன, அந்த ஏல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. நீங்கள் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறீர்கள் என்பதே என் ஊகம். 'இது எனக்குப் பிடித்திருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'பார்லி ஒயின் என்ற வகைக்கு இது எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது?' என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. பெயரில் ஒயின் இருந்தாலும் இது மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சப்படும் ஏல்தான் என்பதையும், அடர்த்தியும் இனிப்பும் ஆல்கஹாலின் வெம்மையும் இதன் இயல்பு என்பதையும் அறியாமல், மெல்லிய லாகர் வகை பீருக்குப் பழகிய நாக்கு இதற்கு ஐந்து கொடுத்தால், அந்த எண் நாக்கைப் பற்றித்தான் பேசுகிறது, ஏலைப் பற்றி அல்ல.

போட்டி நடுவர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் 1985-இல் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தின் படிவம் 50 மதிப்பெண் கொண்டது. அதில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் குமிழிப்புக்கும் 5, ஒட்டுமொத்த அனுபவத்துக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் தனிப்பட்ட விருப்பம் நுழைவதற்கு அந்தக் கடைசிப் பத்தில் மட்டும்தான் ஓரளவு இடம் உண்டு. நுரையையும் நிறத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுப்பதில் நாம் செலவிடும் நேரத்துக்கு அங்கே வெறும் மூன்று மதிப்பெண்தான் என்பதையும் கவனியுங்கள். 45-ஐத் தாண்டும் ஏல் மிக அரிது. 38 வாங்கினாலே அது மிகச் சிறந்தது என்று பொருள். பத்துக்கு ஒன்பதைத் தாராளமாக வழங்கும் உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை சுவைக்கும்போது இருவரும் பேசாமல் எழுதுங்கள். ஒருவர் 'வெல்லப்பாகு' என்று சொல்லிவிட்டால் மற்றவர் மூக்குக்கும் அதுவே தென்படும். ஊற்றிய உடனேயே முகர்ந்து எழுத வேண்டும், ஏனெனில் சில மணங்கள் ஓரிரு நிமிடங்களில் பறந்துவிடும். ஒரு வாய் விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். நாம் சுவை என்று எண்ணுவதில் பெரும்பகுதி அப்போதுதான் மூக்கின் பின்புறமாக எட்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. இருபது நிமிடம் கழித்து, சற்று வெம்மையேறிய அதே கோப்பையிலிருந்து மீண்டும் ஒரு வாய் அருந்திய பிறகே எண்ணைப் போடுங்கள்.

கேள்வி: பீர் என்றால் சில்லென்று இருக்க வேண்டும் என்கிறார்கள். வலுவான ஏலுக்கும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. குளிர் மணத்தை அடக்கி, கசப்பையும் கூர்மையையும் மட்டும் முன்னே தள்ளும். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். வயிறு பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் பாதிக்கும் குறைவாக ஊற்றினால் மணம் உள்ளேயே தங்கும். கோப்பையை உறைய வைப்பது வீண் வேலை.

கேள்வி: கறுப்பாக இருக்கும் ஏல்தான் வலுவானதா?

பதில்: இல்லை. கருமை வறுத்த மால்ட்டிலிருந்து வருகிறது. ஆல்கஹால் ஈஸ்ட் தின்ற சர்க்கரையிலிருந்து வருகிறது. பொன்னிறமான பெல்ஜிய டிரிப்பெல் 8 விழுக்காட்டைத் தாண்டுவதும், கருங்கறுப்பான ஐரிஷ் ஸ்டவுட் 4 விழுக்காட்டுக்கு அருகிலேயே நிற்பதும் வழக்கம்.

கேள்வி: வலுவான ஏலில் எது குணம், எது குறை என்றே பிரித்தறிய முடியவில்லை. தொண்டை எரிகிறது, அது ஆல்கஹால் மிகுதியால் இயல்பாக வருவதா, காய்ச்சியவரின் தவறா?

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நல்ல பார்லி ஒயினில் ஆல்கஹால், விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் மெல்லப் பரவும் இதமான சூடாக இருக்கும். மூக்கில் நெடி ஏறி, தொண்டை கமறி, வண்ணம் கரைக்கும் திரவத்தை நினைவூட்டினால் அது குறை. ஈஸ்ட்டை அளவுக்கு மீறிய வெப்பத்தில் நொதிக்க விட்டாலோ, அதன் பணிச்சுமைக்கேற்ற அளவில் ஈஸ்ட் சேர்க்காமல் விட்டாலோ, எத்தனாலோடு கடுமையான வேறு ஆல்கஹால்களும் உருவாகி இப்படி எரியும். விழுக்காட்டின் மீது மட்டும் பழி போட முடியாது. 12 விழுக்காட்டிலும் வழுவழுப்பாக இறங்கும் ஏல்கள் உண்டு.

இன்னொரு குழப்பம் கசப்புக்கும் துவர்ப்புக்கும் இடையே நேர்வது. இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருப்பதால் நமக்கு இதைப் பிரிப்பது எளிதாக இருக்க வேண்டும். ஆனாலும் குறிப்புகளில் எல்லாவற்றையும் 'கசப்பு' என்றே எழுதிவிடுகிறோம். கசப்பு, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூ தருவது, அது ஒரு சுவை. துவர்ப்பு என்பது நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடித்து வறளச் செய்யும் உணர்வு. தானிய உமியை மிகுந்த வெப்பத்தில் அளவுக்கு மீறி அலசும்போது அது ஏறிவிடும். முன்னது மிகுந்திருந்தால் வகையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்; பின்னது தூக்கலாக இருந்தால் மதிப்பெண்ணைத் தயங்காமல் குறையுங்கள்.

வெண்ணெய் மணமும் வழுக்கலும் இருந்தால், அது நொதித்தலில் உருவாகும் டயசெட்டில் என்ற பொருள். நொதித்தலின் முடிவில் ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளப் போதிய அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். பச்சை ஆப்பிள் வாசனை, முதிராமல் அவசரமாக அடைத்ததைக் காட்டும். வெளிறிய புட்டி வெளிச்சத்தில் கிடந்திருந்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு வீச்சம் அடிக்கும். ஆனால் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தால் உடனே குறை என்று எழுதிவிடாதீர்கள். வலுவான கறுப்பு ஏலான இம்பீரியல் ஸ்டவுட்டில் அவை பிழைதான். கோதுமையில் காய்ச்சிய வலுவான வைசன்பாக்கிலோ அவை இல்லாவிட்டால்தான் பிழை.

கேள்வி: புட்டியில் கசப்பு அளவு 80 என்று அச்சிட்டிருந்தும் இனிப்பாகவே இருந்ததே?

பதில்: அந்த எண், ஒரு லிட்டரில் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்புப் பொருள் கரைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, நாக்கு எவ்வளவு உணரும் என்பதை அல்ல. வலுவான ஏலில் ஈஸ்ட் தின்று முடிக்காத சர்க்கரை நிறைய மிஞ்சுவதால், மெல்லிய பீரில் முகத்தைச் சுளிக்க வைக்கும் கசப்பும் இங்கே அடங்கிவிடும். அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் சுவைப்பதே நல்லது.

கேள்வி: வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் சுவை கூடுமா?

பதில்: சிலவற்றுக்குக் கூடும். 1968-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டரில் எல்ட்ரிட்ஜ் போப் நிறுவனம் வெளியிட்ட தாமஸ் ஹார்டிஸ் ஏல், ஆண்டு குறித்து அடைக்கப்பட்டு, முதிர வைப்பதற்கென்றே பெயர் பெற்றது. மால்ட்டின் வலிமையை நம்பும் பார்லி ஒயினும் இம்பீரியல் ஸ்டவுட்டும் இருட்டில், ஏறத்தாழ 12 டிகிரியில், புட்டியை நிமிர்த்தி வைத்திருந்தால், கசப்பு தணிந்து, உலர்ந்த திராட்சையும் ஷெரி ஒயினும் நினைவுக்கு வரும் மணங்களைப் பெறும். இந்த மணங்களைத் தரும் அதே ஆக்சிஜன்தான் நனைந்த அட்டை வாடையையும் கொண்டுவருகிறது என்பதால், முதிர்ச்சி எங்கே முடிகிறது, கெடுதல் எங்கே தொடங்குகிறது என்பதில் அனுபவசாலிகளும் முரண்படுவார்கள். ஹாப்ஸின் புது மணத்தையே நம்பியிருக்கும் டபுள் ஐ.பி.ஏ. வகை ஏலை மட்டும் ஒருநாளும் சேமிக்காதீர்கள். ஐந்து ஆண்டு வைத்திருந்தோம் என்ற பெருமைக்காக ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடும் பழக்கத்தையும் கைவிடுங்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

கேள்வி: ஒரே அமர்வில் எத்தனை ஏல்களை மதிப்பிடலாம்?

பதில்: இந்த வலிமையில் நான்கு அல்லது ஐந்து, ஒவ்வொன்றும் 60 மில்லிக்கு மிகாமல். அதற்குமேல் போனால் நாக்கு மரத்துவிடும்; தலையும் இளகி, கடைசியாக வந்தவற்றுக்கெல்லாம் கை தாராளமாகும். வலிமை குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்லுங்கள். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும். 10 விழுக்காட்டில் ஐந்து முறை 60 மில்லி என்றால் 30 மில்லி தூய ஆல்கஹால். அது 5 விழுக்காடுள்ள 330 மில்லி புட்டிகள் ஏறக்குறைய இரண்டுக்குச் சமம். ஆல்கஹாலில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே கூறியிருக்கிறது. எனவே மீதியைக் கொட்டிவிடத் தயங்க வேண்டாம். சுவைத்துவிட்டு வண்டியோட்டவும் வேண்டாம். ஐந்தாவதை முடித்ததும் முதலாவதை மீண்டும் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். முன்பு போட்ட எண் இப்போது தவறாகத் தோன்றினால், அன்றைய பட்டியல் முழுவதையும் பென்சிலிலேயே விட்டுவைப்பது நல்லது.