பாரதம் வைத்தால் ஊர் ஒன்றாக இருக்குமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேலூரில் முதுகலை சமூகவியல் படிக்கிறேன். சொந்த ஊர் கலவைக்குப் பக்கம். குடும்பம், கல்வி, சமயம், அரசு என்று எந்தச் சமூக நிறுவனமானாலும் சமூகத்தின் ஏதோ ஒரு தேவையை நிறைவேற்றுவதால்தான் நிலைத்திருக்கிறது என்று செயல்பாட்டுவாதப் பாடத்தில் படித்தோம். ஆய்வேட்டுக்கு எங்கள் ஊர் பாரதத்தை, அதாவது மகாபாரதக் கதை படித்துக் கூத்து நடத்தும் திரௌபதி அம்மன் திருவிழாவை, எடுத்துக்கொண்டேன். “பாரதம் வெச்சாதாம்மா ஊரு ஒண்ணா இருக்கும்” என்கிறார்கள் பெரியவர்கள். பாடமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் நான் காலனியைச் சேர்ந்தவள். எங்களிடம் வரி வாங்குவதில்லை. சாமி எங்கள் தெருவுக்கு வருவதில்லை. என் அம்மா கூத்தைத் தள்ளி நின்று பார்த்தே வளர்ந்தவர். இந்தக் கோட்பாட்டை வைத்து எழுதினால், எங்களை ஒதுக்கியதையும் ஒரு பயன் என்று எழுத வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கேள்வியை அந்தக் கோட்பாட்டுக்குள்ளிருந்தே ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் கேட்டிருக்கிறார். அதற்கு வருவதற்கு முன், இந்தப் பார்வை நமக்குத் தந்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

விராட பருவம் படித்தால் மழை வரும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் இன்றும் உண்டு. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடிகளுடைய மழைச் சடங்கைப் பற்றி மெர்ட்டன் 1949இல் எழுதியதைப் படித்துப் பாருங்கள். சடங்கு மழையைக் கொண்டுவராது. ஆனாலும் சிதறிக் கிடக்கும் மக்களை ஓரிடத்தில் கூட்டி, நாம் ஒரு கூட்டம் என்ற உணர்வைப் புதுப்பிக்கிறது. மக்கள் தாமே சொல்லும் நோக்கத்தை வெளிப்படைச் செயல்பாடு என்றும், அவர்கள் எண்ணிச் செய்யாத விளைவை மறைநிலைச் செயல்பாடு என்றும் அவர் பிரித்தார். பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பாரதத்துக்கு மட்டும் தவறாமல் வந்து சேர்கிறார்களே, அது இதில் அடங்கும். துரியோதனன் வீழ்வதை நடத்திக் காட்டும் படுகளத்தன்று, மண்ணால் செய்து கிடத்திய அவன் உருவத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தையும், திரௌபதி கூந்தல் முடிக்கும்போது பெண்களுக்கு வரும் ஆவேசத்தையும் நேரில் பார்த்தவருக்கு, கூடியிருக்கும் மனிதர்கள் தங்களைவிடப் பெரிய ஒரு சக்தியை உணர்கிறார்கள் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் எழுதியது உடனே புரிந்துவிடும். எளிய மக்கள் செய்வதில் பொருள் இருக்கும் என்று நம்பித் தேடிய அந்த மரியாதைக்காகவே இந்தச் சிந்தனைப் பள்ளியை எனக்குப் பிடிக்கும்.

இனி குறை. சமூகத்தை ஓர் உடலாகவும் நிறுவனங்களை அதன் உறுப்புகளாகவும் வைத்துப் பேசியவர்கள், ஓர் உறுப்புக்கு நல்லது என்றால் முழு உடலுக்கும் நல்லதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். மெர்ட்டன் மறுத்தது இதைத்தான். ஒரு வழக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுகிறது என்று முன்கூட்டியே எண்ணக் கூடாது. யாருக்குப் பயன், யாருக்குக் கேடு என்று பிரிவு பிரிவாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோல் தொழிற்சாலைகள் வேலை கொடுத்தன, அந்நியச் செலாவணி ஈட்டின. அதே கழிவுநீர் பலருடைய கிணற்றையும் நிலத்தையும் கெடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. தொழில் சமூகத்துக்குப் பயன் என்று மட்டும் எழுதினால் அந்தக் கிணற்றுக்காரர் எங்கே போவார்?

சாதியிலும் இதே கதைதான். வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கும் மேரையைப் போன்ற ஏற்பாட்டை, வட இந்தியாவில் ஒரு கிராமத்தில் ஆராய்ந்த வில்லியம் வைசர் 1936இல் நூலாக எழுதினார். ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் சேவைகளின் வலையாக அது அவருக்குத் தெரிந்தது. அதே 1936இல்தான் அம்பேத்கர், சாதி உழைப்பைப் பிரிப்பது மட்டுமன்று, உழைப்பவர்களையே பிரிக்கிறது என்று எழுதினார். எதைக் கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்று வைசர் பார்த்தார். மறுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று அம்பேத்கர் பார்த்தார். எனக்கு அம்பேத்கரின் கேள்விதான் ஆழமானது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒதுக்கியதற்கும் ஒரு செயல்பாடு உண்டு. அதைத் தயங்காமல் எழுதுங்கள். பாரதத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது வெறும் பணம் திரட்டும் வழியன்று. வரி கொடுத்தவனுக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் பேச்சு, கோயிலில் மரியாதை, உபயத்தில் பங்கு. யாரெல்லாம் ஊர் என்பதற்கு அந்த வரி நோட்டுதான் பதிவேடு. உங்களிடம் வரி வாங்காததைச் சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நோட்டில் உங்கள் தெரு இல்லாததால்தான் மற்றத் தெருக்கள் ஒன்றாகத் தெரிகின்றன. தங்களுக்குள் பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும் இருப்பவர்கள்கூட, காலனிக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் சேர்ந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் சொல்லும் ஒற்றுமை உண்மை. அது எதைக் கொண்டு கட்டப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுவது உங்கள் வேலை.

அப்படி எழுதுவதால் அதை நியாயப்படுத்தியதாக ஆகாது. ஒரு வழக்கத்தால் என்ன பயன் என்பது வேறு, அது ஏன் தோன்றியது என்பது வேறு என்று துர்கைமே 1895இல் எழுதிவிட்டார். அது இருக்கத்தான் வேண்டுமா என்பது மூன்றாவது கேள்வி. பாடநூல்கள் இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிவிடுகின்றன. மாணவர்களும் நிலைத்திருப்பதெல்லாம் தேவையானதுதான் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

மெர்ட்டன் இன்னொன்றும் சொன்னார்: ஒரு தேவையை ஒரே ஒரு வழக்கம்தான் நிறைவேற்ற முடியும் என்பதில்லை, மாற்று உண்டு. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று காலனிக்காரர்கள் மறுத்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே யாரும் அடக்கமாகாமல் கிடக்கவில்லை. டவுனிலிருந்து பேண்டு செட் வந்தது, கூலி ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. ஆண்டாண்டு காலமாக, இது இல்லாமல் ஊர் நடக்காது என்று சொல்லப்பட்ட ஒன்று, மறுத்தபின் மாற்றிக்கொள்ளக் கூடியதாகிவிட்டது. மறுத்தவர்கள் அடியும் ஊர்விலக்கும் பட்டிருக்கிறார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நிறுவனம் தேவையால் மட்டுமே நிற்பதாக இருந்தால் அதைக் காப்பாற்ற அடிக்க வேண்டியிருக்காது. செயல்பாட்டுவாதம் பலவீனமாக இருப்பது அதிகாரத்தைப் பற்றிப் பேசும் இந்த இடத்தில்தான். இங்கே நீங்கள், சமூகத்தை அதிகாரத்துக்கான மோதலாகப் பார்க்கும் முரண்பாட்டுக் கோட்பாட்டின் துணையைத் தேட வேண்டும்.

ஆகவே ஆய்வேட்டில் பெரியவர்களின் பேட்டியோடு நின்றுவிடாதீர்கள். பழைய வரி நோட்டுகள் கிடைத்தால் பாருங்கள். உபயதாரர் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த தெரு ஏதும் உண்டா, கேட்டும் சேர்க்கப்படாதது உண்டா என்று விசாரியுங்கள். கூத்துக் கலைஞர்களிடம் தனியே பேசுங்கள்; எந்த ஊரில் தங்களுக்கு எங்கே சாப்பாடு போட்டார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். உங்கள் அம்மாவிடமும் ஒரு முழுப் பேட்டி எடுங்கள். தள்ளி நின்று பார்த்தவருக்குத் திரௌபதியின் கதை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை அவர்தான் சொல்ல முடியும். காலனியில் நீங்கள் தனியாக அம்மன் திருவிழா எடுக்கிறீர்களா? எடுத்தால் அது எந்த ஆண்டு தொடங்கியது, அதற்கு முந்தைய ஆண்டு ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த அத்தியாயத்தை எழுதியதும் அனுப்புங்கள், படித்துவிட்டு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.