நீல லைட் வேண்டாம்

கேள்வி: ‘வெயிட் அன்டில் டார்க்’ படத்தைத் தமிழில் நாடகமாக்கி, ஜூலையில் எங்கள் பாடசாலை மண்டபத்தில் போடப்போகிறோம். கடைசிக் காட்சி முழு இருட்டு என்றால் பிள்ளைகளின் நடிப்பு தெரியாது. நீல லைட் போட்டு, பிரிட்ஜ் காட்சியை வெட்டிவிட்டு, பின்னணி இசையால் பயத்தைக் கூட்டலாம் என்றிருக்கிறோம். சரிதானே?
– நாடக ஆசிரியை ஒருவர், ஹட்டன்

பதில்: சரியில்லை. முதலில் ஒன்று: நாடகம்தான் முந்தியது, படம் பிந்தியது. பிரெடரிக் நொட் எழுதி ஆர்தர் பென் இயக்கிய நாடகம் 1966 பெப்ரவரி 2 அன்று நியூயோர்க்கில், எதெல் பரிமோர் அரங்கில் மேடையேறியது. பார்வையற்ற சூசியாக லீ ரெமிக், கொலைகாரனாக ராபர்ட் டுவால். 374 முறை நடந்தது. ஓட்ரி ஹெப்பர்ன் நடித்த படம் அடுத்த ஆண்டுதான் வந்தது. படத்தைப் பார்த்து எழுதாதீர்கள். உரிய அனுமதியோடு நாடகப் பிரதியை வாங்குங்கள். அதில் எல்லாமே ஒரே நிலவறை வீட்டுக்குள் நடக்கிறது. படத்தில் கூட்டிய வெளிக்காட்சிகளை மேடைக்குக் கொண்டுவந்தால் செட் மாற்றியே களைத்துப்போவீர்கள்.

கடைசிக் காட்சியில் சூசி வீட்டு பல்புகளை உடைப்பது நம்மைப் பயமுறுத்த அல்ல. இருட்டில் அவளுக்குப் பழக்கம் உண்டு, கொலைகாரனுக்கு இல்லை. அவளிடம் இருக்கும் பெரிய ஆயுதம் அது. நீல லைட்டில் சபைக்கு அவள் தெரிந்தால், அவனுக்கும் தெரிகிறாள் என்றே சபை எண்ணும். பிரிட்ஜுக்குள் எரியும் விளக்குதான் அவள் மறந்துபோன வெளிச்சம். அவன் அந்தக் கதவைத் திறக்கும் நொடிக்காகத்தான் முன்னால் உள்ள அத்தனை காட்சியும் எழுதப்பட்டிருக்கிறது. அதை வெட்டிவிட்டு எதைப் போடப்போகிறீர்கள்?

ரிப்பேர் கடையில் ஒதுக்கிப்போட்ட பழைய பிரிட்ஜ் ஒன்று கேளுங்கள். கம்பிரசரை அவர்களே கழற்றித் தரட்டும், பாரம் குறையும். உள்ளே 12 வோல்ட் எல்ஈடி பல்ப், கதவில் சுவிட்ச், அடியில் மோட்டார் சைக்கிள் பட்டரி போதும். மெயின் கரண்ட் கொடுக்கவே கூடாது. பெட்ரோல் என்று தண்ணீர் ஊற்றும் காட்சி அது, பிள்ளைகள் ஈரத்தில் நிற்பார்கள். சபை காணும் பிளக்கும் வயரும் வெறும் காட்சிக்கு. பழைய பிரிட்ஜில் கதவு ரப்பர் காய்ந்திருக்கும். மூடிய பிறகும் ஓரத்தில் கோடு மாதிரி வெளிச்சம் கசியும், சுவிட்சும் சரியாக அழுந்தாது. ரப்பரை மாற்றுங்கள், முடியாவிட்டால் உள்விளிம்பில் கறுப்பு ஸ்பொஞ்ச் ஒட்டுங்கள். பிரிட்ஜைச் சபைக்கு நேராக இல்லாமல் சற்றுத் திருப்பி வையுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெளிச்சம் நேராக அடித்தால் சபைக்கு மேடையே தெரியாது.

இருட்டாக்க மெயின் சுவிட்சில் கை வைக்காதீர்கள். கரண்ட் போனதும் மண்டபத்து எமர்ஜென்சி லாம்ப் தானாக எரிந்து, காட்சி அங்கேயே செத்துப்போகும். மேடை விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் வேண்டும். அம்பிளிபயரின் சின்னச் சிவப்புப் புள்ளிக்கும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். வாசலையும் படிக்கட்டையும் காட்டும் பாதுகாப்பு விளக்கை மட்டும் மறைக்க வேண்டாம். கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்றுக்கு இடைவெளி விட்ட மண்டபம் என்றால் பகல் காட்சி சரிவராது. இரவு ஏழுக்குத் தொடங்குங்கள்.

பல்பை மேடையில் உடைக்கக் கூடாது. திரைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வாளிக்குள் உடைக்கட்டும். சத்தமும் விளக்கு அணைவதும் ஒரே நொடியில் வர வேண்டும். சண்டையை முதலில் வெளிச்சத்தில் அடி எண்ணிப் பழக்கி, பிறகு கண்ணைக் கட்டிப் பழக்குங்கள். கத்தி ரப்பரில் இருக்கட்டும்.

இசையை விட்டுவிடுங்கள். இருவேறு ஆளாக வேடமிட்டு வந்த கொலைகாரனின் சப்பாத்துச் சத்தம் ஒன்றாக இருப்பதையும், ஜன்னல் பிளைண்ட் அடிக்கடி ஏறி இறங்குவதையும் சூசி காதால் பிடிக்கிறாள். சபைக்கும் அது கேட்க வேண்டும். ஜூலையில் ஹட்டனில் தென்மேற்கு மழை தகரக் கூரையில் அடித்தால் சப்பாத்தும் கேட்காது, வசனமும் கேட்காது. பெப்ரவரிக்குத் தள்ளுங்கள். ஜூலையை விட முடியாது என்றால் பண்டாரவளைப் பக்கம் மண்டபம் தேடுங்கள். அந்த மாதத்தில், பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்தில் மழை குறைவு.