கேட்கும் திறன் சோதனையில் இரண்டு காதிலும் 60 டெசிபல், மாஸ்கிங் (சோதிக்காத காது குறுக்கிடாமல் அதில் இரைச்சல் கொடுப்பது) நிற்கவே மாட்டேன் என்கிறதா?

அந்த நோயாளிக்கு நீங்கள் பயன்படுத்தும் சாதாரண ஹெட்ஃபோனில் பிளாட்டோ வராது, அதாவது இரைச்சலை ஏற்றியும் த்ரெஷோல்ட் (காதுக்குக் கேட்கிற மிகக் குறைந்த ஒலி அளவு) அசையாமல் நிற்கும் நிலை வராது. உங்கள் கையில் தப்பு இல்லை, நோயாளியும் சரியாகத்தான் பட்டனை அழுத்துகிறார்.

நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம்: இரண்டு காதிலும் காற்று வழி (ஹெட்ஃபோனில் கேட்பது) த்ரெஷோல்ட் 60, எலும்பு வழி (மண்டை எலும்பை அதிர வைத்துக் கேட்பது) 5. இடது காதின் எலும்பு வழியைப் பார்க்க வலது காதில் இரைச்சலை 70-இல் ஆரம்பிக்கிறீர்கள். சாதாரண ஹெட்ஃபோனில் தலையைத் தாண்டும்போது குறைந்தபட்சம் 40 டெசிபல்தான் குறையும் என்று வைத்துக்கொள்வது வழக்கம், அப்படியானால் 30 டெசிபல் இடது காக்ளியாவுக்கே (உள்காதுக்கே) போய்ச் சேர்ந்து, நீங்கள் சோதிக்க வேண்டிய காதையே மூடிவிடுகிறது. ஏற்ற ஏற்ற த்ரெஷோல்டும் கூடவே ஏறத்தானே செய்யும்! இதைத்தான் மாஸ்கிங் டைலமா என்று வகுப்பில் ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இன்செர்ட் இயர்ஃபோன் (ஃபோம் நுனியோடு காதுத் துளைக்குள் செருகுவது) இருந்தால் அதில் இரைச்சலைக் கொடுத்துப் பாருங்கள், அதில் தலையைத் தாண்டும்போது இரைச்சல் இன்னும் அதிகமாகக் குறையும். ஃபோம் நுனியை நன்றாக உருட்டி ஆழமாக வையுங்கள், மேலோட்டமாக வைத்தால் பலன் பாதிதான். அப்புறம் இரைச்சலை 5 டெசிபலாக மூன்று முறை ஏற்றியும் த்ரெஷோல்ட் அசையாவிட்டால் அதுதான் பிளாட்டோ.

ஒன்று மட்டும், காதில் சீழ் வடிந்தால் இன்செர்ட் வேண்டாம். அப்போது ஆடியோகிராமில் 'மாஸ்க் செய்ய இயலவில்லை' என்று எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள், உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள்.