பழைய மசில் காரில் பட்டைகளும் எம்பளங்களும் கம்பெனியிலிருந்து வந்தபடியே அமைய என்ன செய்ய வேண்டும்?

1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்ற மசில் கார், அதாவது பெரிய இஞ்சின் போட்ட அமெரிக்க வேக வண்டி, வைத்திருப்பதாகச் சொல்லி, பெயிண்டுக்கு விடும் முன்பே பட்டைக்கான ஸ்டென்சிலும் புது எம்பளங்களும் (பெயர்ச் சின்னங்களும்) ஆர்டர் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் வண்டிக்குப் பட்டை இருந்ததா என்பதே இன்னும் தெரியாதே.

எஸ்எஸ் என்றாலே பானெட்டில் இரண்டு பட்டை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டி88 என்ற ஆப்ஷனைத் தனியாகக் கேட்டு வாங்கியவர்களுக்கும், கவுல் இண்டக்‌ஷன் பானெட் (முன் கண்ணாடி அடியிலிருந்து இஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் மூடி) எடுத்தவர்களுக்கும்தான் பட்டை வந்தது, மற்ற எஸ்எஸ் எல்லாம் மொட்டையாகத்தான் ஷோரூமுக்குப் போயின. சேசிஸ் எண்ணைப் பார்த்தும் பயனில்லை, அந்த வருடம் அது மாலிபு (ஷெவெல் வரிசையில் ஒரு வகை) என்று மட்டும் சொல்லுமே தவிர எஸ்எஸ் என்று காட்டாது. பில்ட் ஷீட் (வண்டிக்கு என்னென்ன ஆப்ஷன் என்று கம்பெனியில் குறித்த காகிதம்) கிடைத்தால் அதிர்ஷ்டம்: பெட்ரோல் டேங்கின் மேல்புறம், சீட் ஸ்பிரிங்குகளுக்குள், கார்ப்பெட்டுக்கு அடியில் எல்லாம் தேடுங்கள். இசட்25 என்றிருந்தால் எஸ்எஸ் 396, இசட்15 என்றிருந்தால் எஸ்எஸ் 454. ஃபோர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், 1967 முதலான வண்டிகளுக்கு எண்ணைக் கொடுத்தால் கம்பெனிப் பதிவுகளிலிருந்து எடுத்த மார்ட்டி ரிப்போர்ட் வந்துவிடும். பான்டியாக்குக்கும் பழைய இன்வாய்ஸ் நகல் வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, கனடாவில் விற்றதாக இருந்தால் மட்டும் ஜிஎம் கனடாவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மிச்சிகனில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் இதே வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார், இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் நான்தான் கையாள். நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஆர்வக்கோளாறில் பானெட்டை முதல் நாளே தகரம் தெரியத் தேய்த்துவிட்டோம். அப்புறம்தான் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்ற கேள்வியே வந்தது. நல்ல வேளை, டிக்கி மூடி தப்பியது. யாரோ இடையில் ஒருமுறை மேலே அடித்திருந்த பெயிண்டை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க, பழைய கறுப்புப் பட்டையின் ஓரம் அப்படியே மேலே வந்தது. பட்டர் பேப்பரை வைத்து படி எடுத்தோம். அளந்து பார்த்தால் இடது பட்டை வலதைவிட ஒரு நூல் அகலம்! கம்பெனியில் ஆட்கள் டேப் ஒட்டி மறைத்து அடித்த பட்டை, அப்படித்தான் இருக்கும். பெரியவர் அந்த ஒரு நூலையும் சேர்த்தே அடிக்கச் சொன்னார்.

இன்னொரு விஷயம், ஷெவெல் பட்டை பானெட்டிலும் டிக்கியிலும் மட்டும்தான். ஷெல்பி மஸ்டாங் நினைப்பில் கூரை மேலும் இழுத்துவிட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1970-ல் ஜிஎம் அடித்தது அக்ரிலிக் லாக்கர், மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) கிடையாது. அதனால் பட்டையின் ஓரத்தை நகத்தால் தடவினால் சின்ன மேடு தட்டுப்படும். இன்றைய பெயிண்டர்கள் பட்டையை அடித்து அதன் மேல் கிளியர் கோட் போட்டு, கண்ணாடி மாதிரி சமமாக்கிக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு வேலை செய்த கடையும் சொல்லச் சொல்லக் கேட்காமல் அதையேதான் செய்தது. ஓட்டுவதற்கான வண்டி என்றால் அது தப்பில்லை, பார்க்கப்போனால் அதுதான் நீடித்து உழைக்கும். போட்டியில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பட்டை கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பான்டியாக் ஜிடிஓ ஜட்ஜ், 1970 ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302, பிளிமத் குடா மாதிரி வண்டிகளில் பட்டை என்பது ஒட்டும் வைனல், பெயிண்ட் நன்றாகக் காய்ந்து வாடை போகும்வரை அதை ஒட்டக் கூடாது, அடியில் கொப்புளம் கிளம்பும்.

எம்பளத்துக்கு வருவோம். கிரில்லில் ஒன்று, பின் பம்பரின் கறுப்பு ரப்பர் பட்டையில் ஒன்று, இரண்டு ஃபெண்டரிலும் இஞ்சின் அளவைச் சொல்லும் எண்ணோடு ஒவ்வொன்று. எஸ்எஸ் 396-ல் இஞ்சின் நிஜத்தில் 402 கன அங்குலம் இருந்தாலும் எம்பளம் 396 என்றுதான் சொல்லும், ‘திருத்தி’விடாதீர்கள். ஃபெண்டர் மாற்றியிருந்தால் ஓட்டைகளை நம்ப வேண்டாம். எங்கள் வலது ஃபெண்டர் ஏதோ மாலிபுவிலிருந்து வந்தது, எஸ்எஸ் எம்பளத்துக்கு ஓட்டையே இல்லை, இடது பக்கத்தில் அட்டை வெட்டி, திருப்பி வைத்துத்தான் துளை போட்டோம். புது நகல்களின் பின்பக்கக் குச்சிகள் சில சமயம் ஓட்டைக்கு நேராக உட்காராது, பெயிண்டுக்கு முன்பே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பழையது புள்ளி புள்ளியாக அரித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், ரீகுரோம் செய்ய ஆள் இருக்கிறார்கள், பின்னால் வார்த்திருக்கும் பார்ட் நம்பர் வேறு இருக்கிறது.

டேங்கை இறக்கும்போது மட்டும் கையோடு ஒரு கேமரா வைத்திருங்கள், அந்தப் பில்ட் ஷீட் காகிதம் தொட்டாலே உதிரும். எங்களுடையதில் பாதியை எலி தின்றிருந்தது, டி88 இருந்த வரி மீதிப் பாதியில் இருந்தது.