ரத்த வங்கி வேலையைப் படமாக் கீறுறது எப்பிடி: கேள்வி பதில்

கிழக்குப் பக்க ஆஸ்பத்திரி ரத்த வங்கில எம்எல்டியா (ரத்தம் டெஸ்ட் பண்ணுற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரா) கனகாலம் வேலை செய்து, பிறகு தரமுகாமைத்துவப் பிரிவிலயும் இருந்தவள் நான். வேலை எப்பிடி ஓடுது, எங்க நேரம் போகுது, எங்க பிழை பூருது எண்டு படமாக் கீறிப் பாக்கிறதைப் பத்திக் கேட்டவங்களுக்கு ஒவ்வொண்டாச் சொல்றன். ஆஸ்பத்திரிட பேரைப் போட்டு முறைப்பாடு கேட்டா மட்டும் பதில் வராது.

கல்லடி மாணவன்: அக்கா, புரொஜெக்டுக்கு ரத்த வங்கிட வேர்க்ஃப்ளோ கீறித் தரச் சொல்லி இருக்காங்க. எஸ்ஓபி ஃபைல் (வேலையை எப்பிடிச் செய்யவேணும் எண்டு எழுதி வச்சது) இருக்குத்தானே, அதைப் பாத்துக் கீறினாக் காணாதா?

எஸ்ஓபியைக் கட்டாயம் வாசிங்க தம்பி, ஆனா அதைப் பாத்துக் கீறாதீங்க. அது எல்லாரும் வேலைக்கு வந்து, எல்லா மெஷினும் ஓடி, கரண்டும் நிக்காம இருக்கிற நாளுக்கு எழுதினது. ராவு ரெண்டு மணிக்கு ஒரே ஒரு எம்எல்டி நிண்டுகொண்டு, ஒரு கையால ஃபோனைப் பிடிச்சு மறு கையால டியூபைச் சுத்தவிட்டு, லேபர் ரூமுக்கும் சேர்ஜிக்கல் வார்ட்டுக்கும் ஒரே நேரத்தில பதில் சொல்றதை எந்த எஸ்ஓபியிலயும் காணமாட்டீங்க, ஆனா படத்தில வரவேண்டியது அதுதான்.

முதல்ல எல்லையைப் போடுங்க. தானம் குடுக்கிறவர்ட கையில தொடங்கி நோயாளிட கை வரைக்கும் முழுசாக் கீற வெளிக்கிட்டா உங்கட புரொஜெக்ட் முடியாது. டொக்டர் ரத்தம் வேணும் எண்டு எழுதின நேரத்தில தொடங்கி ஏத்தத் தொடங்கிற நேரத்தோட நிப்பாட்டுங்க.

அடுத்தது, மூண்டு நிறத்தில பேனை எடுங்க. கனபேர் ஒரே கோடாக் கீறுவாங்க, அங்கதான் படம் பிழைக்கிறது, ஏனெண்டா உள்ளுக்க மூண்டு சாமான் தனித்தனியாப் பயணம் போகுது: நோயாளிட சாம்பிள் டியூப், ரத்தம் கேக்கிற பேப்பர், ஏத்துற ரத்தம் இருக்கிற பேக். டியூப் ஓடலிட (சாமானும் ஆளும் கொண்டுபோற சிற்றூழியர்ட) கையில வருது, ஃபோர்ம் சிலவேளை அதுக்கு முதல் வருது சிலவேளை மறந்துபோய்ப் பின்னால வருது, பேக் ஃப்ரிஜ்ஜில சும்மா இருக்கு. மூண்டும் ஒண்டாச் சேருற இடம் ரெண்டே ரெண்டுதான், ஒண்டு குரொஸ்மெச் (பேக்கில இருக்கிற ரத்தம் நோயாளிட ரத்தத்தோட ஒத்துப்போகுதா எண்டு பாக்கிற டெஸ்ட்) பாக்கிற மேசை, மற்றது நோயாளிட கட்டில். மூண்டு நிறமும் சந்திக்கிற அந்த ரெண்டு இடத்தையும் பெரிசா வட்டம் போட்டு, அங்க ஆர் எதை எதோட ஒப்பிட்டுப் பாக்கிறாங்க எண்டு ஒரு சொல்லும் விடாம எழுதுங்க. மற்ற இடமெல்லாம் மேலோட்டமாக் கீறினாலும் பரவாயில்ல.

இன்னொண்டு, ஆரும் சொல்லித்தராத விசயம். நேரம் எடுக்கத் தொடங்கமுதல் வார்ட்டுச் சுவர் மணிக்கூட்டையும் ரத்த வங்கி மணிக்கூட்டையும் உங்கட ஃபோனோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஏழெட்டு நிமிசம் வித்தியாசமா ஓடினா, வார்ட்டால வெளிக்கிட முதலே சாம்பிள் ரத்த வங்கிக்கு வந்து சேந்த மாதிரிக் கணக்கு வரும், பிறகு இருந்து தலையைச் சொறியவேண்டியதுதான்.

அதே மாணவன்: என்ன சொஃப்ட்வெயார்ல கீறுறது?

பிறவுண் பேப்பரும் ஒட்டுற துண்டும். சுவரில ஒட்டிவிடுங்க, போற வாற ஆக்கள் பாத்திட்டு "இது இப்பிடி இல்லையே" எண்டு துண்டைக் கழட்டி வேற இடத்தில ஒட்டுவாங்க, அதுதான் உங்களுக்கு வேணும். கம்பியூட்டர்ல வடிவாக் கீறிக்கொண்டு போனீங்களோ ஒருத்தரும் கை வைக்கமாட்டாங்க, நல்லா இருக்கு மகன் எண்டு சொல்லிட்டுப் போயிருவாங்க.

வாழைச்சேனைப் பக்கம் ஒரு தாதி: பேரில ஒரு எழுத்து மாறினதுக்கு சாம்பிளைத் திருப்பி அனுப்புறீங்க மிஸ். திரும்பக் குத்தி எடுக்கிறது நாங்க, ஏச்சு வாங்கிறதும் நாங்க. கொஞ்சம் பாத்துச் செய்ய ஏலாதா?

ஏலாது மிஸ்ஸி. உங்கட கஷ்டம் விளங்குது, ஆனா ஏலாது. எங்கட மேசைக்கு வாறது ஒரு டியூப் மட்டும்தான், நோயாளிட முகம் எங்களுக்குத் தெரியாது. டியூபுக்குள்ள இருக்கிறது லேபல்ல இருக்கிற ஆள்ட ரத்தம்தானா எண்டு எந்த மெஷினும் சொல்லாது. வேற ஆள்ட ரத்தம் உள்ள இருந்தா நாங்க செய்யிற டெஸ்ட் எல்லாம் சரியா வரும், அழகாப் பொருந்தும், பிழையான ஆளுக்குப் பொருந்தும். ஏ குறூப் ரத்தம் ஓ குறூப் ஆளுக்குப் போனா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அதோட எங்கட பக்கத்துப் பேர்களையும் யோசிங்க. ஒரே வார்ட்டில ரெண்டு பாத்திமா, மூண்டு விக்னேஸ்வரி படுத்திருப்பாங்க. முகம்மதை நாலு விதமா எழுதுவாங்க, ஐடில ஒரு மாதிரி, கிளினிக் கொப்பில ஒரு மாதிரி. தகப்பன்ட பேரை இனிசலா மட்டும் போட்டா அதுவும் ஒண்டாவே வந்து நிக்கும். அதாலதான் பேரோட பிஎச்டி (வார்ட்டில ஒவ்வொரு நோயாளிக்கும் போடுற கட்டில் டிக்கெட்) நம்பரையும் கேக்கிற, ரெண்டும் பொருந்தவேணும்.

இதை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி போட்டுப் படமாக் கீறினா திருப்பி அனுப்புறது ரத்த வங்கிப் பெட்டியிலதான் தெரியும், ஆனா காரணம் ரெண்டு பெட்டி முன்னால இருக்கும். போய் நிண்டு பாருங்க. டியூபுக்கு லேபல் எங்க ஒட்டுறாங்க? மேசையில இருந்து அஞ்சு டியூபுக்கும் முதல்லயே ஒட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாப் போறாங்களா, இல்லாட்டி வெறும் டியூப்ல எடுத்து ட்ரேயில போட்டுக் கொண்டுவந்து பிறகு எழுதுறாங்களா? ரெண்டும் ஆபத்து. கட்டில் பக்கத்திலயே, ரத்தம் எடுத்த ஆளே, நோயாளிட வாயால பேரைக் கேட்டு, எடுத்த உடனே எழுதவேணும். "நீங்க பாத்திமாவா?" எண்டு கேக்கப்படாது, காது கேக்காத கிழவியும் ஓம் எண்டுதான் சொல்லும். "பேர் என்ன?" எண்டு கேக்கவேணும். இந்த ஒரு பெட்டி சரியானா உங்களுக்குத் திரும்பிவாற சாம்பிள் குறையும்.

இன்டேர்ன் ஒருவர்: அவசரம் எண்டு சொல்லியும் ஒண்டரை ரெண்டு மணித்தியாலம் போகுது. டெஸ்ட் அவ்வளவு நேரமா?

இல்ல டொக்டர். குறூப் பாத்து, அன்டிபொடி ஸ்கிரீன் (வேற ஆள்ட ரத்தத்தை எதிர்க்கிற சாமான் நோயாளிட ரத்தத்தில இருக்கா எண்டு பாக்கிறது) செய்து, முழுக் குரொஸ்மெச்சும் முடிய முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். அன்டிபொடி ஏதும் பிடிபட்டா கதை வேற, மணிக்கணக்கில போகும். மிச்ச நேரம் எங்க போகுது எண்டா, அதைக் கண்டுபிடிக்கத்தான் படமே கீறுறது.

உதாரணத்துக்கு ஒரு சாம்பிளோட கூடவே நடந்து பாருங்க. பத்து மணிக்கு எடுத்தாச்சு, ட்ரேயில கிடக்குது. ஓடலி ஐயா எக்ஸ்ரேக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு போயிட்டார். வந்து எல்லா சாம்பிளையும் சேத்து எடுத்துக்கொண்டு முதல்ல லேபுக்கு, பிறகு ஃபார்மசிக்கு, கடைசியா ரத்த வங்கிக்கு வாறார், ஏனெண்டா அவர்ட வழி அப்பிடி. ரத்தம் ரெடியான பிறகும் அதே கதைதான், வார்ட்டுக்குச் சொல்லி, அங்க ஆள் ஃப்ரீ ஆகி, ரத்தம் கொண்டுபோற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாறமட்டும் பேக் ஃப்ரிஜ்ஜிலதான். ஓடலிட நடையை ஆஸ்பத்திரி வரைபடத்தில கோடாக் கீறினா ஒரு பிளேட் இடியப்பம் மாதிரி இருக்கும். அவரில பிழையே இல்ல, அவர் நடக்கிற வழியை ஆரும் யோசிச்சுப் போட்டதில்ல, அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு பெட்டிக்குக் கீழயும் ரெண்டு நேரம் எழுதுங்க, கை வேலை செய்த நேரம் ஒண்டு, சும்மா கிடந்த நேரம் ஒண்டு. நீங்க எடுக்கிற ஃபோனையும் அம்புக்குறி போட்டுக் கீறுங்க டொக்டர், கோவிக்காதீங்க, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா "ரெடியா?" எண்டு கேட்டா எம்எல்டி டியூபை வச்சிட்டுத்தான் வரவேணும்.

உண்மையான அவசரத்தை, பிள்ளைப் பேறில ரத்தம் ஓடுறது, விபத்து இப்பிடி வாறதை, இந்தப் படத்துக்குள்ள திணிக்காதீங்க. அதுக்குத் தனிப் படம், தனி வழி. குரொஸ்மெச் இல்லாம ஓ நெகட்டிவ் குடுக்கிறதா, குறூப் மட்டும் பாத்துக் குடுக்கிறதா, ஆர் கையெழுத்து வைக்கிறது, எல்லாம் முதலே பேசி முடிச்சிருக்கவேணும். எங்கட நாட்டில நெகட்டிவ் ஆக்கள் குறைவு, அந்தப் பேக்கை வீணா இழுக்கவும் ஏலாது.

அக்கரைப்பற்று இளைஞர் கழகம்: லாத்தா, நாங்க இருநூறு பேரை ஒரே நாளில கொண்டுவாறம் எண்டா ஏன் தயங்குறாங்க? ரத்தம் தேவை எண்டும் சொல்றாங்க.

அல்ஹம்துலில்லாஹ், பெரிய விசயம்தான் தம்பி. ஆனா ரத்தம் சேத்து வைக்கிற சாமான் இல்ல. செங்கலம் (ரத்தத்தில இருக்கிற சிவப்பு அணு) சாதாரண பேக்கில 35 நாள், விசேச கரைசல் உள்ள பேக்கில 42 நாள். பிளேட்லட் (ரத்தம் உறைய உதவுற சின்ன அணு) 5 நாள், அதுவும் இருபதுக்கும் இருபத்திநாலுக்கும் இடைப்பட்ட செல்சியஸ் சூட்டில ஆட்டிக்கொண்டே இருக்கவேணும். இருநூறு பேக் ஒரே நாளில வந்தா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நாளில முடியும், அந்த ஆக்கள் திரும்பக் குடுக்க நாலு மாதம் செல்லும். ஒவ்வொரு பேக்குக்கும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா பாக்கவேணும். பிளேட்லட் பிரிக்கிறதெண்டா எடுத்துச் சில மணித்தியாலத்துக்குள்ள பிரிச்சாகவேணும். வேனில வாற நேரமும் அதுக்குள்ள அடக்கம்.

ஐம்பது ஐம்பதா நாலு தரம் வச்சீங்கெண்டா கோடி புண்ணியம். குறிப்பா நோன்பு மாதத்தில பகல்ல குடுக்கிற ஆக்கள் குறைவு, அதுக்கு முந்தின கிழமைகளையும் நோன்பு திறந்தபிறகு இரவையும் பத்தி ரத்த வங்கியோட இருந்து கதைங்க.

ஏறாவூர்: டெங்குக்கு பிளேட்லட் கேட்டம். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தும் "இருக்கிறதத்தான் தரலாம்" எண்டாங்க. அப்ப நாங்க ஏன் வந்த?

நீங்க கொண்டுவந்த நாலு பேர்ட ரத்தம் உங்கட ஆளுக்கு அப்பிடியே போறதில்ல, டெஸ்ட் முடிஞ்சு வாறது பொதுவான ஸ்டொக்குக்கு. இலங்கையில 2014ல இருந்து முழுக்கத் தானாக் குடுக்கிற ஆக்கள்ட ரத்தம்தான், ஆளுக்கு ஆள் மாத்துற முறை இல்ல. அடுத்தது, டெங்குல பிளேட்லட் கவுண்ட் (எண்ணிக்கை) இறங்கினதுக்காக மட்டும் பிளேட்லட் ஏத்துறதில்ல, ரத்தக் கசிவைப் பாத்து டொக்டர்தான் முடிவெடுப்பார். கவுண்டைப் பாத்துப் பயந்து ஓடித்திரியாதீங்க, நீராகாரத்தையும் பிரசரையும் கவனிக்கிறதுதான் அங்க பெரிய வைத்தியம்.

அம்பாறை நிர்வாகப் பக்கம் ஒருவர்: கம்பியூட்டர் சிஸ்டம் போட்டா இதெல்லாம் தீராதா?

பார்கோட் நல்லது, வேண்டாம் எண்டு சொல்லமாட்டன், லேபல் மாறுற பிழையைக் குறைக்கும். ஆனா படம் கீறமுதல் சிஸ்டம் வாங்கினா, ஒரே விசயத்தை மூண்டு கொப்பில எழுதுறதோட நாலாவதா கம்பியூட்டரிலயும் எழுதவேண்டி வரும். முதல்ல எந்தக் கொப்பை ஆர் எதுக்குப் பாக்கிறாங்க எண்டு கேளுங்க. ஒருத்தரும் பாக்காத கொப்பு கட்டாயம் ஒண்டாவது இருக்கும். அதை நிப்பாட்டிட்டு வாங்க, பிறகு விலை கேப்பம்.

கல்முனை வார்ட்டு ஒண்டு: ஏத்தவேண்டி வரேல்ல எண்டு பேக்கைத் திருப்பிக் குடுத்தம், எடுக்கமாட்டாங்களாம். வீணாப்போச்சே!

ஃப்ரிஜ்ஜால எடுத்து அரை மணித்தியாலம் தாண்டினா திரும்ப ஸ்டொக்குக்கு எடுக்கிறதில்ல. ரெண்டு பாகை செல்சியஸுக்கும் ஆறுக்கும் இடையில இருந்த சாமான், வெளிய சூடு ஏறினா கிருமி பெருகும். ஏத்துறதெண்டாலும் நாலு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கவேணும். வார்ட்டு மருந்து ஃப்ரிஜ்ஜில வச்சிட்டுத் திருப்பித் தாறது இன்னும் மோசம், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில இருந்து உறைஞ்சா செங்கலம் உடையும், அதை ஏத்தினா ஆளுக்கே ஆபத்து.

படத்தில இந்தத் திரும்பிப் போற வழியைத்தான் கூடுதலா மறக்கிறாங்க, பேக் வார்ட்டுக்குப் போனதோட கோடு முடிஞ்சிரும். திருப்பித் தாற பேக் எந்த வழியால, எத்தினை மணிக்குள்ள, ஆர்ட கையில வரும் எண்டும், ஏத்தி முடிஞ்ச பேக்கிட விவரத் துண்டு திரும்பி வந்ததா எண்டும் கீறுங்க. பேக் நம்பரை வச்சு ஆருக்குப் போனது எண்டு ஒரு வருசம் கழிச்சும் சொல்ல ஏலவேணும் எண்டா அந்தத் துண்டு வந்தாகவேணும். அதோட ஒருக்கா பாருங்க, நோயாளிக்கு ரத்தம் ஏத்துற ஊசியை நரம்பில போடமுதலே பேக்கைக் கேக்கிறாங்களா எண்டு. ஊசி போடவே இருபது நிமிசம் போனா பேக் மேசையில காத்துக்கொண்டு கிடக்கும்.

களுவாஞ்சிக்குடி: கொப்பியும் பேனையுமாப் போய் நிண்டா ஸ்டாஃப் எல்லாம் முகத்தைத் தூக்கிறாங்க, குற்றம் பிடிக்க வந்த ஆள் எண்டு.

பின்ன? நானா இருந்தாலும் தூக்குவன். ஆற்ற பேரையும் எழுதாதீங்க, "எம்எல்டி", "தாதி", "ஓடலி" எண்டு மட்டும் போடுங்க. முதல் நாள் ஒண்டும் எழுதவே வேணாம், சும்மா நில்லுங்க, பிளேன்டி குடிங்க. பிறகு "உங்களுக்கு எந்த வேலை எரிச்சல்?" எண்டு கேளுங்க, கொட்டுவாங்க. நைட் ஷிஃப்ட் ஆக்களிட்டயும் ஓடலிமாரிட்டயும் தனியாக் கேளுங்க, மீட்டிங்கில பெரியாக்களுக்கு முன்னால அவங்க வாயே திறக்கமாட்டாங்க. கீறி முடிஞ்ச படத்தை மேலிடத்துக்குக் காட்டமுதல் அவங்களுக்குக் காட்டுங்க, காட்டாம மேல போனீங்கெண்டா அடுத்தமுறை பிளேன்டியும் கிடைக்காது.